சொல் கணக்கு

மூன்று வயதும் நான்கு மாதமும்.
படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
பிள்ளை எத்தனை சொல் பேசுகிறது?
ஒரு சின்னக் கட்டம்.
ஐந்து என்று எழுதி
வெட்கப்பட்டு அதை ஏழாக்கினேன்.

மங்காஃபில் நாலாம் மாடி.
கீழே தண்ணீர் லாரி பின்னால் வரும் சத்தத்தை
நுஹா பிசகாமல் சொல்வாள்:
டீட், டீட், டீட்.
அதைச் சேர்க்கலாமா என்று
யாரிடமும் கேட்கவில்லை நான்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்,
பிள்ளை குழம்புகிறாள் என்றது பாலர் பள்ளி.
பதினோரு நாள் பேசினோம்.
அவரும் நானும் விருந்தாளிகள் மாதிரி
ப்ளீஸ் சொல்லி உப்பு வாங்கிக்கொண்டோம்.
சண்டைக்குச் சொல் போதவில்லை.
கொஞ்சுவதற்கோ ஒன்றுமே இல்லை.
பன்னிரண்டாம் நாள்
கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு
"யா அல்லா, செத்தேன்" என்று அவர் அலறியபோது
நுஹா கைகொட்டிச் சிரித்தாள்,
ஊருக்குப் போயிருந்த வாப்பா
திரும்பி வந்துவிட்ட மாதிரி.

பேச்சுப் பயிற்சி அரை மணிக்குப் பன்னிரண்டு தினார்.
தாலியா என்ற எகிப்துக்காரி
தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுவாள்.
ஒருமுறை ஊதிவிட்டு நிறுத்துவாள்.
மூடியைத் திருகிக்கொண்டு
பிள்ளையின் வாயைப் பார்த்தபடி
பத்து எண்ணும்வரை சும்மா இருப்பாள்.
எனக்கு மூன்றுக்கு மேல் பொறுக்காது.
"இன்னும் வேணுமா கண்ணு, இன்னும்?"
அவளுக்கு வரவேண்டிய சொல்லை
நீயே தின்றுவிடுகிறாய் என்றாள் தாலியா.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு ஒரு நோட்டு போடச் சொன்னாள்.
எந்த பாஷையானாலும் எழுது.
தினாரும் ரூபாயும் கலந்து கிடக்கும் பை அது,
எல்லாம் அவள் காசு. கூட்டிப் பார்.

எழுதினேன்.

மாய்.
கட்டடக் காவலாளி ரமதான்
வாசல் குளிர்பெட்டியிலிருந்து போத்தலை எடுத்து
நீட்டும்போது சொல்வது.
அவருக்கு அது தண்ணீர்.
நடுச்சாமத்தில் என் முகத்தருகே குனிந்து
"மாய்" என்கிறாள் மகள்.
போனில் கேட்ட என் தங்கை
"பிள்ளை ஏன் ஒன்னச் சாகச் சொல்லுது?" என்றாள்.
எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

உம்மா.
பள்ளியில் என்னைக் கேட்டு அழுதிருக்கிறாள்.
மலையாள டீச்சர் கன்னத்தைக் காட்டினாளாம்.
இவளும் முத்தம் கொடுத்தாளாம்.
அழுகை நின்றதாம்.

லா.
சோற்றுக்கு, குளிப்புக்கு, செருப்புக்கு,
உறக்கத்துக்கு.
ஒருமுறை எழுதினால் போதுமா,
நாற்பது முறை எழுத வேண்டுமா?

பயம்.
ழகரத்துக்கு நாக்கு இன்னும் மடியவில்லை.
பக்காலாக் கடையில்
தொங்கும் மஞ்சள் சீப்பைப் பார்த்து
"பயம்! பயம்!" என்று குதிப்பாள்.
தமிழ் தெரிந்த யாராவது
திரும்பிப் பார்ப்பார்கள்.
கிலோ அறுநூறு ஃபில்ஸ் என்று
நான் அதை வாங்கி வருவேன்.

முப்பத்தொன்று வந்தது கூட்டியதில்.
இரண்டு சொல் தானாக ஒட்டட்டும்,
நீ ஒட்டாதே என்றிருந்தாள் தாலியா.
ஒட்டவில்லை.
ரஜப் போனது, ஷஅபான் போனது.
ராத்திரியில் நான்
உறங்கும் வாயையே பார்த்துக் கிடந்தேன்.

நேற்று மத்தியானம்.
ஏசி இரைச்சல், அடுப்பில் மீன் ஆணம்.
சமையலறைத் தரையில் அமர்ந்து
தானே உரித்துத் தின்றாள்.
பாதி கன்னத்தில், கொஞ்சம் தலைமுடியில்.
நான் வாயைத் திறக்காமல் எண்ணினேன்,
ஆறு, ஏழு, எட்டு.
வெறும் தோலைத் தூக்கிக் காட்டி
என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பயம் கலாஸ்."

ஆணம் அடிபிடித்தது.
மாவுக் கையோடு நோட்டைத் தேடினேன்.
நான் போட்டிருந்த கோடுகளில்
தமிழுக்கு ஒரு பக்கம், அரபிக்கு ஒரு பக்கம்.
நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
அதற்குள் அவள்
அடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.